குழாயில் கொந்தளிப்பு பரவுவதைக் கண்ணால் பார்க்க ஒரு செய்முறை

குழாயில் நீர் அடுக்கடுக்காக அமைதியாக ஓடுமா (வரிச்சீர் ஓட்டம்), சுழன்று கலங்குமா (கொந்தளிப்பு) என்பதைச் சொல்வது ரெனால்ட்ஸ் எண்; ஓட்டத்தின் வேகம், குழாயின் விட்டம், நீரின் பாகுநிலை மூன்றையும் சேர்த்த ஒரே எண் அது. கொந்தளிப்பு தொடங்கும் ரெனால்ட்ஸ் எண்ணுக்கு ஒரு புத்தகம் 2000 என்று எல்லை போடும். இன்னொன்று 2300 என்னும். மூன்றாவது, 4000 வரை ‘இடைநிலை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். மூன்றையும் தவறென்று சொல்ல முடியாது. குழாயில் ஓடும் நீர் ஏதோ ஒரு வேகத்தில் முழுக்க முழுக்க வரிச்சீர் ஓட்டத்தை விட்டுக் கொந்தளிப்புக்குத் தாவுவதில்லை. முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொந்தளிப்புத் திட்டுகள் தோன்றும். சில சாகும், சில இரண்டாகப் பிரியும். வேகம் கூடினால் பக்கத்திலிருக்கும் அமைதியான நீரையும் பிடித்துக்கொண்டு நீளும். இந்தப் பரவலைப் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நான்கு மீட்டர் நீளமுள்ள மேசையும் பொறுமையும் போதும்.

கொந்தளிப்பை உண்டாக்குவது எளிது. நாம் கேட்காமல் அது வந்துவிடாதபடி தடுப்பதில்தான் பாடெல்லாம் இருக்கிறது. கீழே வரும் அளவுகளில் பெரும்பாலானவை அதற்காகத்தான்.

ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883இல் மான்செஸ்டரில் வெளியிட்ட சோதனையில் கண்ணாடிக் குழாய்க்கு வார்னிஷ் பூசிய மரத்தில் எக்காள வடிவ வாய் வைத்திருந்தார். தொட்டி நீர் பல மணி நேரம் அடங்கிய பிறகே குழாயைத் திறந்தார். அந்தக் கவனத்தால் அவருக்கு, ஓடும் நீரில் இழையாக விட்ட சாயக்கோடு ரெனால்ட்ஸ் எண் 12,000, 13,000 வரை குலையாமல் நின்றது. அதே கருவியை வைத்து எக்மன் 1910இல் 40,000த்தையும் தாண்டினார். ஆகவே மேல் எல்லை என்று ஒன்று குழாய்க்குக் கிடையாது. உங்கள் நுழைவாய் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு தூரம் போகலாம்.

எந்த அளவுக் குழாய், ஏன்

உள்விட்டம் 10 மி.மீ., மொத்த நீளம் 3 மீட்டர். அக்ரிலிக்கோ கண்ணாடியோ இரண்டும் சரி. நீளத்தை விட்டத்தால் வகுத்தால் 300. இந்த 300ஐச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்.

நுழைந்ததும் நீரின் வேகம் குறுக்குவெட்டு முழுதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சுவரின் இழுவை மெல்ல மெல்ல குழாயின் நடு வரை எட்டிய பிறகே பரவளைய வடிவம் வரும். அதற்கு ஆகும் நீளம் ரெனால்ட்ஸ் எண்ணின் 0.06 மடங்கு விட்டம். 2000க்கு 120 விட்டம், அதாவது 1.2 மீட்டர். அந்த இடத்தில்தான் சீண்டல் துளை, அதாவது சிரிஞ்சால் நீரைப் பாய்ச்சி ஓட்டத்தைக் கலைப்பதற்கான துளை. மீதி 1.8 மீட்டர், 180 விட்டம், வேடிக்கை பார்க்க. 20 மி.மீ. குழாய் வாங்கினால் இதே கணக்குக்கு 6 மீட்டர் வேண்டும். 5 மி.மீ. வாங்கினால் நீளம் மிச்சம், ஆனால் திட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, இணைப்பில் உள்ள சிறு பிசகும் பெரிதாகிவிடும்.

கடையில் 10 மி.மீ. என்று சொல்லித் தரும் குழாய் 9.8ஆகவும் இருக்கும், 10.2ஆகவும் இருக்கும். வெர்னியர் முனையை மட்டும்தான் அளக்கும், அதை நம்பாதீர்கள். ஒரு முனையை அடைத்து, நீர் நிரப்பி, எடை போடுங்கள். 3 மீட்டர் குழாய் 235.6 மி.லி. கொள்ள வேண்டும். விட்டம் 0.1 மி.மீ. கூடினால் சுமார் 4.7 மி.லி. அதிகம் பிடிக்கும். இதைச் செய்யாவிட்டால் உங்கள் ரெனால்ட்ஸ் எண்ணில் 20, 40 என்று பிழை உட்கார்ந்துவிடும். இந்தச் சோதனையில் 50 என்பது பெரிய வித்தியாசம்.

குழாயை ஓர் அலுமினிய ஆங்கிளின் மேல் கிடத்தி, 30 செ.மீ.க்கு ஒரு தாங்கல் கொடுங்கள். நூல் பிடித்து நேர் பாருங்கள். அக்ரிலிக் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.07 மி.மீ. நீளும். காலையில் இறுக்கிய குழாய் மதியம் 5 டிகிரி ஏறினால் ஒரு மி.மீ. நீண்டிருக்கும். இரண்டு முனையும் இறுகியிருந்தால் அது வில்லாக வளையும். ஒரு முனையை மட்டும் இறுக்குங்கள்.

இணைப்பு ஒன்றே ஒன்று இருக்கட்டும், அது 1.2 மீட்டரில் வரட்டும். இரு முனைகளையும் செங்குத்தாக வெட்டி, 400 கிரிட், பிறகு 800 கிரிட் தாளில் தேய்த்து, வெளியே ஓ-ரிங்குடன் ஒரு ஸ்லீவ் போட்டால் போதும். உள்ளே விரல் நுழையாது. அதனால் இணைப்பதற்கு முன்பே டார்ச் அடித்து முனைகளைப் பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் படி இருக்கக் கூடாது. சீண்டல் துளையை முனைக்குப் பக்கத்தில், இணைப்பிலிருந்து 10 மி.மீ. தள்ளிப் போடுங்கள். விட்டம் 0.8 மி.மீ. முனைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் துளையிடும்போது உள்ளே எழும் பிசிறைத் தாள் சுருட்டி விட்டுத் தேய்க்க முடியும். ஊசியின் நுனி குழாய்க்குள் நீட்டக் கூடாது, சுவர் மட்டத்தோடு நிற்க வேண்டும். ஊசிக்கும் சிரிஞ்சுக்கும் நடுவே மருந்துக் கடையில் கிடைக்கும் த்ரீ-வே ஸ்டாப்காக் ஒன்று வையுங்கள். சிரிஞ்சை நிரப்பும்போது காற்று புகாது.

அக்ரிலிக்கை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். வெட்டிய முனைகளில் மயிரிழை விரிசல்கள் ஓடும். சோப்பு நீர் போதும்.

தொட்டியும் நுழைவாயும்

அடிப்பரப்பு 60 × 40 செ.மீ. உள்ள தொட்டியை 75 செ.மீ. உயர மேசையில் வையுங்கள். நீர்மட்டம் மேசைப் பலகையிலிருந்து 30 செ.மீ. குழாயின் அச்சு பலகையிலிருந்து 10 செ.மீ. குழாயின் வெளிமுனையிலிருந்து 12 மி.மீ. ஹோஸ் தரைக்கு இறங்கட்டும். ஹோஸின் கடைசி முனையில், தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், நீடில் வால்வு. மொத்த நீர்த்தலை, அதாவது தொட்டியின் நீர்மட்டத்துக்கும் வால்வுக்கும் உள்ள உயர வித்தியாசம், 1 மீட்டர்.

வால்வு எங்கே என்பது இந்தக் கருவியிலேயே மிக முக்கியமான முடிவு. குழாய்க்கு முன்னால் வைத்தால் வால்வு கிளப்பும் சுழல்கள் எல்லாம் குழாய்க்குள் போகும், சோதனை அங்கேயே முடிந்தது. குழாயின் முனையிலேயே வைத்தால் அதற்குக் கீழே ஹோஸில் அழுத்தம் காற்றழுத்தத்துக்குக் கீழே போய்க் குமிழி கட்டும். ஹோஸின் அடியில் வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

ஹோஸே வேண்டாம், தொட்டி மட்டத்தை மட்டும் வைத்து ஓட்டலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எண் 2500இல் 3 மீட்டர் குழாயின் உராய்வு இழப்பு வரிச்சீர் ஓட்டத்தில் ஏறத்தாழ 16 மி.மீ. நீர். குழாய் முழுதும் கொந்தளித்தால், கொந்தளிப்பு உராய்வுக்கான பிளாசியஸ் சூத்திரப்படி, 27 மி.மீ. மொத்தத் தலையே 30 மி.மீ. என்றால், கொந்தளிப்பு புகுந்ததும் ஓட்டம் படுத்துவிடும். எண் கீழே இறங்கும், கொந்தளிப்பு வெளியேறும், ஓட்டம் மறுபடி ஏறும், மறுபடி கொந்தளிக்கும். குழாய் தானாக மூச்சு வாங்குவதுபோல் விட்டுவிட்டு ஓடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ரெனால்ட்ஸ் எண் எது என்று கேட்டால் பதில் இருக்காது. தலை 1000 மி.மீ. இருந்து, அதில் பெரும்பங்கு வால்வில் செலவாகும்போது, இந்த 11 மி.மீ. மாற்றம் ஓட்டத்தை அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் அசைக்கும். எண்ணில் 15 அளவு. தலை இரண்டு மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

நுழைவாய் எக்காள வடிவம்: பெரிய முனை 40 முதல் 50 மி.மீ., நீளம் 60 முதல் 80 மி.மீ., முடிவில் சரியாகக் குழாயின் உள்விட்டம். லேத்தில் மரத்தில் கடையலாம், த்ரீ-டி பிரிண்ட் எடுக்கலாம். பிரிண்ட் எடுத்தால் அடுக்கு வரிகளைத் தேய்த்து வார்னிஷ் இரண்டு கோட் பூசுங்கள். குழாயோடு சேரும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கக் கூடாது. வாய்க்கு முன்னால் 15 செ.மீ. தள்ளி, தொட்டியின் குறுக்கே உறிஞ்சு குழல்களை அடுக்கி ஒட்டிய தடுப்பு ஒன்றும், அதற்குப் பின்னால் நைலான் கொசுவலை ஒன்றும். நிரப்பும் குழாய் அந்தத் தடுப்புக்கு அப்பால், ஸ்பாஞ்சின் மேல் விழட்டும்.

தொட்டியிலிருந்து நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் போகும். மட்டம் நிமிடத்துக்கு 3 மி.மீ. இறங்கும். ஐந்து நிமிடத்தில் எண் 16 குறைந்திருக்கும். ஓட்டிக்கொண்டே நிரப்பாதீர்கள். ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, நிரப்பி, அடங்கவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒரு முயற்சிக்கு அரை நிமிடம்தான் ஆகும், ஆகவே ஒரு நிரப்பலுக்கு எட்டு, பத்து முயற்சி கிடைக்கும்.

நீரைத் தயார் செய்தல்

முந்தைய இரவே தொட்டியில் பிடித்து வையுங்கள். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று அறை வெப்பத்தில் வெளியேறி, நேரே பிடித்து ஓட்டினால், குழாய்ச் சுவரில் முத்துமுத்தாக ஒட்டும். நுழைவாயில் ஒட்டிய ஒரே ஒரு குமிழி போதும், நாள் முழுதும் காரணம் தெரியாத கொந்தளிப்பு வந்துகொண்டிருக்கும்.

ஓட்டத்தைக் கண்ணுக்குக் காட்ட மைக்கா பவுடர். சோப்பு செய்பவர்கள் மினுமினுப்புக்குச் சேர்ப்பது, 10 முதல் 60 மைக்ரான் வரையுள்ளது. லிட்டருக்கு அரை கிராமில் தொடங்குங்கள். குறுக்கே பார்த்தால் பின்னால் இருக்கும் கறுப்புத் துணி மங்கலாகத் தெரிய வேண்டும். அதற்கு மேல் போட்டால் சுவரோரம் மட்டும்தான் தெரியும். வரிச்சீர் ஓட்டத்தில் செதில்கள் எல்லாம் ஒரே பக்கம் படுத்து, குழாய் முழுதும் ஒரே சீரான பளபளப்பு. கொந்தளிப்புத் திட்டு வந்தால் அந்த இடம் மட்டும் கீற்றுக் கீற்றாகத் துடிக்கும். மேலிருந்து எல்.இ.டி. பட்டை வெளிச்சம், பின்னால் கறுப்பு, பக்கவாட்டில் பார்வை.

ரெனால்ட்ஸ் செய்ததுபோல் சாயக்கோடும் விடலாம். ஆனால் சாயம் ஓர் இழையைத்தான் காட்டும். திட்டின் முன்முனை, பின்முனை இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க மைக்காவே மேல். நுழைவாய் சுத்தமா என்று சோதிக்க மட்டும் சாயம் நல்லது.

மைக்காவில் ஒரு சிக்கல். அது படியும். நீரை இரவெல்லாம் அடங்கவிட்டால் தூள் முழுதும் அடியில் கிடக்கும். எனவே காற்று போக வெறும் நீரை இரவில் வையுங்கள், காலையில் தூளைக் கலந்து மெதுவாகக் கிண்டி, 20 முதல் 30 நிமிடம் மட்டும் அடங்கவிடுங்கள். குழாய்க்குள் படிந்ததை, ஒவ்வொரு தடவை தொடங்கும் முன்பும் வால்வை முழுதாகத் திறந்து சில நொடி கழுவிவிடுங்கள்.

தொட்டி நீரும் அறையும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். நீர் 3 டிகிரி குளிர்ந்திருந்தால் சாயக்கோடு குழாயின் நடுவில் நிற்காமல் மேலோ கீழோ நகரும். மின்விசிறியை நிறுத்துங்கள். மேசை மேல் கை ஊன்றாதீர்கள்.

ரெனால்ட்ஸ் எண் கணக்கு

நொடிக்கு எத்தனை மி.லி. என்பதை 1273ஆல் பெருக்குங்கள். விட்டம் மி.மீ.யில், இயக்கப் பாகுநிலை (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தது) சதுர மி.மீ./நொடியில், இவ்விரண்டின் பெருக்கத்தால் வகுங்கள். வந்தது ரெனால்ட்ஸ் எண்.

நீரின் இயக்கப் பாகுநிலை 20°செ.இல் 1.00, 25இல் 0.89, 30இல் 0.80, 35இல் 0.72. ஒரு டிகிரிக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் மாறுகிறது. வெப்பத்தை ஒரு டிகிரி தவறாகப் படித்தால் எண்ணில் 40 பிசகும். அளவெடுக்க வேண்டிய இடம் தொட்டியல்ல, வால்வுக்கு வெளியே வரும் நீர். 0.1 டிகிரி காட்டும் மானி வேண்டும்.

30°செ.இல் 10 மி.மீ. குழாயில் எண் 2000க்கு நொடிக்கு 12.6 மி.லி., சராசரி வேகம் நொடிக்கு 16 செ.மீ. வால்வுக்கு அடியில் வாளி வைத்து 60 நொடி பிடித்துச் சமையலறைத் தராசில் நிறுங்கள். 2000க்கு ஏறத்தாழ 751 கிராம் வரும். ஒரு கிராமுக்கு எண்ணில் 2.7. ரோட்டாமீட்டர் என்னும் ஓட்டமானி வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம், அது இவ்வளவு துல்லியம் தராது.

முதலில் ஒரு தேர்வு

சீண்டாமல் வால்வை மெதுவாகத் திறந்து 2000, 2500, 3000 என்று ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் காத்திருங்கள். குழாய் 4000 வரையாவது பளபளப்புக் குலையாமல் ஓட வேண்டும். 2300இலேயே தானாகத் துடிப்பு வந்தால் சோதனைக்குப் போகாதீர்கள். துடிப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நுழைவாயிலேயே என்றால் எக்காளத்தின் சேர்மானமோ குமிழியோ. 1.2 மீட்டரில் என்றால் இணைப்புப் படியோ துளையின் பிசிறோ. இடம் மாறி மாறி வந்தால் தொட்டி இன்னும் அடங்கவில்லை. எப்போதும் ஒரே நொடி இடைவெளியில் வந்தால் அடித்தளம் அதிர்கிறது, பக்கத்தில் ஏதாவது மோட்டார் ஓடுகிறதா என்று தேடுங்கள்.

சீண்டிப் பார்த்தல்

1 மி.லி. சிரிஞ்சில் குழாயில் ஓடும் அதே நீரை எடுத்து, 0.2 முதல் 0.3 மி.லி.யை ஒரே வெட்டில் செலுத்துங்கள். கால் நொடிக்குள் முடிய வேண்டும். எண் கூடக் கூடச் சிறிய சீண்டலே போதும், தேவைப்படும் வலு ஏறத்தாழ எண்ணுக்கு எதிர்விகிதமாகக் குறையும்.

1600இல் தொடங்குங்கள். துளைக்குக் கீழே சிறு கலக்கம் எழுந்து, சில பத்து விட்டங்கள் போவதற்குள் மங்கி, பளபளப்பு திரும்பிவிடும். எவ்வளவு பலமாகச் சீண்டினாலும் இதேதான்.

1750க்கும் 1900க்கும் இடையில்தான் சுவாரசியம். சீண்டினால் 20, 30 விட்டம் நீளமுள்ள ஒரு திட்டு உருவாகி, அதே நீளத்தோடு, ஏறக்குறைய சராசரி வேகத்திலேயே நகரும். இதுதான் பஃப். பின்முனை கூர்மையாகவும் முன்முனை கரைந்தாற்போலும் இருக்கும். சில பஃப் வெளிமுனை வரை போகும். சில, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பாதி வழியில் அணைந்துவிடும். ஒவ்வோர் எண்ணிலும் 20 தடவை சீண்டி, எத்தனை தப்பின என்று குறியுங்கள். 1750 பக்கம் பெரும்பாலும் சாகும், 1900 பக்கம் பெரும்பாலும் பிழைக்கும். பாதிக்குப் பாதி எங்கே விழுகிறது என்பது உங்கள் கருவியின் நீளத்தைப் பொறுத்தது. வயதான பஃப் சீக்கிரம் சாகும் என்று நினைக்க வேண்டாம். கதிரியக்க அணுவைப்போல அதற்கு வயது நினைவில் இருப்பதில்லை.

இந்த ஆயுட்காலத்தை 4 மி.மீ. விட்டமும் 30 மீட்டர் நீளமும் உள்ள குழாயில் பியோர்ன் ஹோஃபும் கூட்டாளிகளும் அளந்து 2006இல் வெளியிட்டார்கள். எண் ஏற ஏற ஆயுள் தலைதெறிக்கக் கூடுகிறது, ஆனால் எங்கும் முடிவிலியாகவில்லை. அப்படியானால் நிலைத்த கொந்தளிப்பு எப்படி வருகிறது? 2011இல் கெர்ஸ்டின் அவிலா குழுவினர் விடை சொன்னார்கள்: பிரிவதால். ஒரு பஃப் தனக்கு முன்னால் ஒரு குட்டியைப் போட்டு இரண்டாகும். சாவதற்கு ஆகும் சராசரிக் காலமும் பிரிவதற்கு ஆகும் காலமும் சமமாகும் இடம் 2040. அதற்கு மேல் பிறப்பு இறப்பை விஞ்சும், கொந்தளிப்பு நிலைக்கும்.

அந்தச் சமன் இடத்தை உங்கள் குழாயில் நேரே பார்க்க முடியாது. 2040இல் ஒரு பஃப் சாகவோ பிரியவோ சராசரியாக இரண்டு கோடி விட்டம் போக வேண்டும், 10 மி.மீ. குழாயில் அது 200 கிலோமீட்டர். எனவே 2000 முதல் 2200 வரை நீங்கள் காண்பது, சாகாமல் பிரியாமல் அமைதியாகக் கடந்துபோகும் பஃப்கள் மட்டும்தான். இந்த எல்லையில் சீண்டலின் அளவை மாற்றிப் பாருங்கள். கால் நொடி சீண்டினாலும் ஒரு நொடி சீண்டினாலும் வெளியே வருவது ஒரே அளவு பஃப்.

2300க்கு மேல் எப்போதாவது பிரிவு தென்படும், 2400இல் அடிக்கடி. முன்முனையிலிருந்து ஒரு துணுக்கு விலகி, நடுவே பளபளப்பான இடைவெளி விட்டு, தானே ஒரு பஃப் ஆகும். இடைவெளி ஏன்? வரிச்சீர் ஓட்டத்தில் குழாயின் நடு நீர் சராசரியின் இரு மடங்கு வேகத்தில் ஓடுகிறது, சுவரில் வேகம் பூஜ்யம். இந்த ஏற்றத்தாழ்வுதான் பஃப்பின் தீனி. பின்னாலிருந்து வேகமான நடு நீர் பஃப்புக்குள் பாய்ந்து, சுவரோர மெது நீரோடு உரசி, கலங்கி, முன்பக்கமாக வெளியேறும்போது வேகவடிவம் தட்டையாகிவிடும். பரவளையம் மீண்டு வரச் சிறிது தூரம் வேண்டும். அதுவரை அங்கே இன்னொரு பஃப் பிழைக்காது. காட்டுத்தீ எரித்த இடத்தில் புல் முளைக்கும்வரை மறுபடி தீப்பிடிக்காததைப் போல.

இதைச் சோதிக்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2000இல் நான்கு நொடி இடைவெளியில் இரண்டு தடவை சீண்டுங்கள். இரண்டு பஃப்களும் 60 விட்டத்துக்கு மேல் விலகிப் பத்திரமாக வெளியே போகும். ஒரு நொடி இடைவெளியில் சீண்டினால், முன்னால் போவது பட்டினி கிடந்து அணையும், ஒன்றுதான் மிஞ்சும். பின்னால் வருவது முன்னதைக் கொல்கிறது என்பது முதல் தடவை பார்ப்பவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். ஓட்டம் எந்தப் பக்கத்திலிருந்து தீனி கொண்டுவருகிறது என்பதை நினைவில் வைத்தால் சரியாகிவிடும்.

இனி 3000, 3500. இங்கே சீண்டலால் விளைவது ஸ்லக். பஃப்போல் நீளம் மாறாமல் நகராது. பின்முனை சராசரி வேகத்துக்குப் பின்தங்கும், முன்முனை முந்தும், நடுவிலுள்ளது முழுக்கக் கொந்தளிப்பு. அமைதியான நீரை இரு பக்கமும் விழுங்கிக்கொண்டே நீளும். பஃப், ஸ்லக் என்று இரண்டையும் 1973இல் விக்னான்ஸ்கியும் ஷாம்பேனும் பிரித்துக் காட்டினார்கள். நீளத் தொடங்கும் எண் ஏறத்தாழ 2250 என்பது 2015இல் வெளியான பார்க்லி, ஹோஃப் முதலியோரின் ஆய்வு. ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: 3000இல் முழுப் பரவளையம் வர 1.8 மீட்டர் வேண்டும், நம் துளையோ 1.2இல் இருக்கிறது. ஸ்லக்கின் வளர்ச்சி தெளிவாகத் தெரியும், ஆனால் முனை வேக எண்களை வெளியீடுகளோடு ஒப்பிடும்போது இந்தக் குறையைக் கணக்கில் எடுங்கள்.

வேகத்தை அளக்க

கைபேசியை 2.5 மீட்டர் தள்ளி, 1.8 மீட்டர் முழுதும் தெரியும்படி ஸ்டாண்டில் வைத்து, எக்ஸ்போஷரைப் பூட்டி, நொடிக்கு 60 படம் எடுங்கள். படங்களை அளக்கும் இமேஜ்ஜே (ImageJ) மென்பொருளில் குழாய் அச்சின் மேல் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு படத்திலிருந்தும் அந்தக் கோட்டை மட்டும் வெட்டி ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் படத்தில் கிடைமட்டம் தூரம், செங்குத்து நேரம். பஃப் ஒரு சாய்ந்த பட்டையாகவும், ஸ்லக் விரியும் ஆப்பாகவும் தெரியும். விளிம்பின் சாய்வே முனையின் வேகம். பஃப்புக்குச் சராசரி வேகத்தின் 0.9 முதல் 1 மடங்கு வந்தால் கருவி நன்றாக இருக்கிறது. 1.2 வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் ஓட்ட அளவு. பிறகு அளவுகோல்: லென்ஸின் ஓர வளைவைச் சரிக்கட்ட, குழாய்க்குக் கீழே 10 செ.மீ.க்கு ஒரு குறி ஒட்டி அதையே அளவாகக் கொள்ளுங்கள்.

குழாய் அல்லாத சுவர்கள்

இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஓடும் நீரிலும் இதே பிறப்பு, இறப்புக் கணக்குத்தான், பரவ இரண்டு திசை இருப்பதால் திட்டுகள் சாய்ந்த பட்டைகளாகின்றன. டோக்கியோவில் சானோவும் தமாயும் 2016இல் இதற்கு 5.9 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம், 5 மி.மீ. இடைவெளி உள்ள கால்வாய் கட்டினார்கள். வீட்டில் செய்கிற காரியமல்ல. 5 மி.மீ. இடைவெளியை அவ்வளவு பரப்பில் சமமாக வைப்பதே பெரும்பாடு.

ஒற்றைத் தட்டின் மேல் ஓடும் எல்லைப்படலம், அதாவது தட்டின் இழுவையால் வேகம் குறைந்த மெல்லிய ஓட்டப்படலம், வேறு மாதிரி. ஹார்வர்டில் எமன்ஸ் 1951இல் விவரித்த கொந்தளிப்புப் புள்ளிகள் அம்புமுனை வடிவில், பக்கத்துக்குச் சுமார் 10 டிகிரி விரிந்தபடி வளரும். முன்முனை வெளியோட்டத்தின் 0.9 மடங்கு வேகத்திலும் பின்முனை 0.5 மடங்கிலும் போகும். படலம் கீழே போகப் போகத் தானே தடிக்கும், அதனால் உள்ளூர் எண்ணும் ஏறிக்கொண்டே போகும், புள்ளி பிழைத்துவிட்டால் சாக வழியில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் தவானும் ரொத்தம் நரசிம்மாவும் 1958இல் வெளியிட்ட கட்டுரை, இந்தப் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே குறுக்குக்கோட்டில் பிறக்கின்றன என்று கொண்டு, தட்டின் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் கொந்தளிப்பு இருக்கும் என்பதற்கு ஒரு வளைவு தந்தது. டர்பைன் இறக்கைக் கணக்குகளில் இன்றும் அது புழங்குகிறது.

முடித்ததும்

மைக்கா நீரைக் குழாயில் தேங்கவிடாதீர்கள். ஓரிரவில் அடிச்சுவரில் ஒரு படலம் ஒட்டும், மறுநாள் கீழ்ப்பாதி மட்டும் மங்கலாகத் தெரியும். வடித்து, வெறும் நீர் ஓட்டி, ஸ்பாஞ்ச் துண்டை நூலில் கட்டி ஒருமுறை இழுங்கள். ஸ்டாப்காக்கைக் கழற்றித் துளையில் தூள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அடுத்த நாள் சீண்டல் வலுவிழந்து 1900இலும் பஃப் வராமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.